ஜீப் சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங்: கழற்றுவது முதல் மெழுகு அடிப்பது வரை

போடிமெட்டு ஏறி இறங்கும் ஜீப்பையோ, சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பையோ ஒரு தடவை அடியில் குனிந்து பாருங்கள். மேலே பாடி பளபளவென்று இருக்கும். எஞ்சின் இரண்டு முறை பிரித்துக் கட்டியதாக இருக்கும். எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் மட்டும் சேறும் துருவும் அடுக்கடுக்காக அப்பிக் கிடக்கும். பாடியை மாற்றலாம், எஞ்சினை மாற்றலாம். எண் அடித்த சேசிஸ் போனால் வண்டியே போனதுதான்.

பழைய ஜீப்பைப் பிரித்துப் புதுப்பிக்கிற பலரும் இப்போது சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் கேட்கிறார்கள். நிறப் பவுடரை மின்னூட்டம் கொடுத்துத் தூவி, ஓவனில் உருக்கி வேகவைத்து இறுக்குகிற பூச்சு அது. நல்ல முடிவு. சரியாகச் செய்தால் கல் அடி தாங்கும், டீசல் பட்டாலும் கரையாது, பல மழைக்காலம் நிற்கும். சரியாகச் செய்யாவிட்டால் சாதாரண பெயின்ட்டைவிட மோசமாகிவிடும். பெயின்ட் உரிந்தால் கண்ணுக்குத் தெரியும், பிரஷ் எடுத்து அடித்துவிடலாம். பவுடர் ஒரே தோலாக இழுத்துப் பிடித்து நிற்பதால், அடியில் துரு ஓடுவது வெளியே தெரியாது. ஒரு நாள் விரல் வைத்து அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

என் முதல் சேசிஸ் அப்படித்தான் ஆனது. துருவை எடுக்க ஆசிட் தொட்டியில் முக்கி, கழுவி, அன்றே பவுடர் அடித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் ரிவெட் வரிசை நெடுக காவி நிறத்தில் கோடு கோடாக வடிந்திருந்தது. கத்தி முனையால் கிளறினேன். பவுடர் தகடாகப் பெயர்ந்து வந்தது, அதன் அடியில் ஈரத் துரு. இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்த ஆசிட்டை எந்தக் கழுவலும் வெளியே எடுக்கவில்லை. பவுடர் அடித்து அதை உள்ளேயே வைத்து மூடிவிட்டோம். பவுடர் மீதோ அடித்தவர் கை மீதோ குறை இல்லை. பவுடர் தூவும் கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்பே அந்த வேலை கெட்டுவிட்டது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் பவுடர் அடிப்பதற்கு முந்தைய வேலையைப் பற்றியே எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டது பழைய சி.ஜே.3பி ஜீப்பின் சேசிஸ். வீல்பேஸ் 80 அங்குலம், நீளம் பத்தடி சொச்சம். பெரும்பாலும் 'C' எழுத்துபோல் ஒரு பக்கம் திறந்த சி-சேனல், வலு கூட்டத் தகடு வைத்துப் பெட்டியாக மூடிய இடங்களும் உண்டு, இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்களான கிராஸ் மெம்பர்கள் ரிவெட் அடித்தவை. மாருதி ஜிப்சிக்கும் மஹிந்திரா தாருக்கும் முறை இதேதான். சேசிஸ் நீளமாவதால் பெரிய ஓவன் உள்ள பட்டறையாகத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஓவனைத் தேடுங்கள்

வண்டியைப் பிரிக்கும் முன்பே பட்டறையைப் பார்த்துவிடுங்கள். ஊருக்கு ஊர் இருக்கும் பவுடர் கோட்டிங் பட்டறைகளில் பாதி, கேட்டும் கிரில்லும் நாற்காலியும் பார்க்கிறவை. அவர்களிடம் பத்தடி ஓவன் இருக்கலாம், சேசிஸை நிறுத்தும் உயரமும் தூக்கித் தொங்கவிடும் டிராலியும் இருக்காது. கோயம்புத்தூர், ஓசூர், சென்னை அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் இயந்திர பாகங்களுக்கு அடிக்கிற பட்டறைகள் இதற்குத் தோது. டேப் எடுத்துப்போய் ஓவனின் உள்ளளவை நீங்களே அளங்கள். சேசிஸைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு ஜாண் இடமாவது இருந்தால்தான் சூடான காற்று சுழலும்.

பட்டறைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் துகள் பீய்ச்சித் துரு எடுப்பது, செய்து தருவீர்களா? துத்தநாகம் கலந்த அடிக்கோட்டான ஜிங்க் பிரைமர் பவுடர் அடிப்பீர்களா? வேகும்போது உலோகத்தின் சூட்டை எதை வைத்து அளக்கிறீர்கள்? மூன்றாவதற்கு "ஓவன் மீட்டர் காட்டுதே" என்று பதில் வந்தால் இன்னொரு பட்டறையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

பிரிப்பது

எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பாதி கழற்றிய சேசிஸில் பவுடர் கோட்டிங் கிடையாது, ஏனென்றால் முழுச் சேசிஸும் 200 டிகிரிக்குச் சூடாகப் போகிறது. ரப்பர் புஷ், பம்ப் ஸ்டாப், வயர், பிரேக் லைன், பிளாஸ்டிக் கிளிப் எதுவும் அந்தச் சூட்டில் பிழைக்காது. ஷாக் அப்சார்பரை எந்தக் காரணத்துக்காகவும் ஓவன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், வெடிக்கும். இரண்டு முனையும் வெல்டிங் வைத்து மூடிய குழாய் பம்பர் இருந்தால், கண்ணில் படாத இடத்தில் சின்ன துளை போடுங்கள். உள்ளே ஈரம் இருந்து ஆவியாகி, போக வழியில்லாமல் போனால் அதுவும் ஆபத்துதான்.

பிரிக்கும்போதே சேசிஸ் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படம் எடுங்கள். மேலே தாள் வைத்து பென்சிலால் தேய்த்து ஒரு பிரதியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எஃப்.சி.க்கோ பெயர் மாற்றத்துக்கோ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த எண் தெளிவாகத் தெரிய வேண்டும். கடுமையாக பிளாஸ்டிங் செய்தால் எண் மழுங்கும், மேலே இரண்டு கோட் பவுடர் விழுந்தால் பள்ளம் நிரம்பிவிடும். இதில் அசட்டையாக இருந்துவிட்டு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தார். நம் ஊரில் பழைய ஜீப்புகளுக்கு அடியில் தார் மாதிரி அண்டர்கோட்டிங் அடித்திருப்பார்கள். பிளாஸ்டிங் துகள் அதன் மேல் பட்டுத் துள்ளிப் போகும், அதை எடுக்காது. இதைக் கையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுரண்டியது போக மிச்சத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். துடைக்கலாம், ஆனால் அந்த எண்ணெய் தகடுகளின் இடுக்கில் இறங்கியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு ஓவனில் ஒரு வேலை இருக்கிறது.

தட்டிப் பார்ப்பது, வெல்டிங்

வெறும் சேசிஸை இரண்டு ஸ்டாண்ட் மேல் வைத்து, சின்னச் சுத்தியால் ஓர் அங்குலம் விட்டு ஓர் அங்குலம் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று பேசும். துரு தின்ற இடம் 'டப்' என்று அடங்கும். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ஹேங்கர் உட்காரும் இடம், கிராஸ் மெம்பர் சேரும் மூலை, பெட்டியாக மூடிய பகுதியின் அடித்தகடு, இந்த மூன்று இடத்திலும் மெதுவாகப் போங்கள். சேறு தேங்குவது அங்கேதான். சந்தேகமான இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டு, முதல் பிளாஸ்டிங் முடிந்ததும் மறுபடி பாருங்கள். துரு மூடி வைத்திருந்த ஓட்டைகள் அப்போதுதான் தெரியும்.

ரிவெட் இணைப்புகளில் இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு ஊறிப் பெருத்து, தகடே விலகி நிற்கும் இடங்கள் இருக்கும். அங்கே எந்தக் கோட்டிங்கும் நிற்காது. ரிவெட்டை எடுத்து, தகட்டைப் பிரித்து, இரு முகத்தையும் சுத்தம் செய்து மறுபடி ரிவெட் அடிப்பதுதான் முறை. நேரமும் செலவும் ஆகும். எல்லா இணைப்புக்கும் முடியாவிட்டாலும் விலகி நிற்கும் இணைப்புகளுக்காவது செய்துவிடுங்கள்.

வெல்டிங் வேலை எல்லாவற்றையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும். பவுடர் அடித்தபின் ஒரு பிராக்கெட்டை மறந்துவிட்டேன் என்று வெல்டிங் வைத்தால், சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிப் போகும். வின்ச், ஸ்டெப், கூடுதல் டேங்க் என்று எது மாட்டப் போகிறீர்களோ அதன் துளையும் பிராக்கெட்டும் இப்போதே. மிக் வெல்டிங் வைத்த கோட்டின் மேல் பழுப்பு நிறத்தில் கண்ணாடிச் சில்லு போலச் சின்னச் சின்னத் திட்டுகள் உட்கார்ந்திருக்கும். வயர் பிரஷ் அதன் மேல் வழுக்கிப் போகும். அதன் மேல் பவுடர் ஒட்டுவது போலத் தெரிந்து பின்னால் பொரிந்து விழும். ஊசிமுனை போட்டுத் தட்டியோ கிரைண்டர் வைத்தோ எடுத்துவிடுங்கள். சிதறல் உருண்டைகளையும் அப்படியே.

பள்ளத்தை நிரப்ப டிங்கர் கடைப் பட்டி போடாதீர்கள், ஓவன் சூட்டில் உப்பும். வெல்டிங் வைத்து நிரப்பித் தேயுங்கள், இல்லாவிட்டால் பள்ளத்தை அப்படியே விடுங்கள். சேசிஸ் பள்ளத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

பலரும் விட்டுவிடும் இன்னொரு வேலை, கூர் விளிம்பை மழுக்குவது. தகட்டின் வெட்டு விளிம்பு கத்திபோல் இருந்தால், உருகும் பவுடர் அந்த முனையிலிருந்து இரு பக்கமும் விலகி ஓடிவிடும். முனையில் மிஞ்சுவது பேருக்கு ஒரு படலம். துரு தொடங்குவது அங்கிருந்துதான். கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் போட்டு, விரலால் தடவினால் உறுத்தாத அளவுக்கு, சுமார் 2 மில்லிமீட்டர் வளைவு வருமாறு எல்லா விளிம்பையும் உருட்டுங்கள். ஒரு முழுநாள் வேலை. சலிக்காமல் செய்யுங்கள்.

பிளாஸ்டிங்

ஆசிட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூடிய பகுதியும் தகடு மேல் தகடும் உள்ள சேசிஸுக்கு உலர் பிளாஸ்டிங் ஒன்றுதான் வழி. ஸ்டீல் கிரிட் அல்லது கார்னெட் நல்லது. கார்னெட் நம் தென்கடற்கரை மணலிலேயே கிடைக்கிற கனிமம், கூர்மையாகவும் சுத்தமாகவும் வெட்டும். காப்பர் ஸ்லாக் மலிவு, அதுவும் ஓடும். ஆற்று மணலை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது உடைந்து பறக்கும் சிலிகா தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. உங்கள் வண்டிக்காகப் பட்டறையில் நிற்கிற பையனுக்கு அது வரக்கூடாது.

எவ்வளவு அடிக்க வேண்டும் என்று கேட்டால் 'எஸ்.ஏ. இரண்டரை' என்று சொல்லுங்கள். பட்டறைக்காரர்களுக்குப் புரியும். ஐ.எஸ்.ஓ. 8501-1 தரத்தில் கிட்டத்தட்ட வெள்ளை உலோகம் என்று பொருள்: துரு, பழைய பெயின்ட், ஆலையிலிருந்தே இரும்போடு வரும் கருந்தோலான மில் ஸ்கேல் எதுவும் இருக்கக் கூடாது, லேசான கறை நிழல் மட்டும் இருக்கலாம். மேற்பரப்பின் சொரசொரப்பு 40 முதல் 70 மைக்ரான். விரலால் தொட்டால் நைஸான உப்புத்தாள் மாதிரி இருக்கும். பவுடர் பிடிப்பது அந்தச் சொரசொரப்பில்தான்.

தூத்துக்குடி, சென்னை, நாகப்பட்டினம் என்று கடலோரத்தில் ஓடிய வண்டியாக இருந்தால் இன்னொரு வேலை கூடும். துருக் குழிகளுக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும், பிளாஸ்டிங் அதைத் தொடாது. முதல் பிளாஸ்டிங் முடிந்து, நல்ல தண்ணீரை அழுத்தமாக அடித்துக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, மறுபடி ஒரு கை பிளாஸ்டிங். கழுவிவிட்டுப் பார்த்தால் குழிகளில் மட்டும் சில நிமிடத்தில் கருமை திரும்பும். உப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், திரும்பக் கழுவுங்கள்.

எண் அடித்த இடத்தைக் கனமான டேப்போ தகடோ வைத்து மூடிவிட்டு, அதை மட்டும் பின்னால் கையால் சுத்தம் செய்யுங்கள். முடிந்ததும் கம்ப்ரசர் காற்றால் ஒவ்வொரு துளையிலும் ஊதுங்கள். பெட்டிப் பகுதிக்குள் கிரிட் கிலோக் கணக்கில் இறங்கியிருக்கும். சேசிஸைத் தலைகீழாக்கி, செங்குத்தாக நிறுத்தி, தட்டித் தட்டிக் கொட்ட வேண்டும். மிச்சமிருப்பது ஓவன் காற்றில் பறந்து வந்து ஈரமான பவுடரில் உட்கார்ந்துகொள்ளும்.

இனி கடிகாரம் ஓடுகிறது. வெள்ளையாக்கிய இரும்பு நம் ஊர்க் காற்றில் சில மணி நேரத்தில் மஞ்சள் பூக்கும். நான்கு மணி நேரத்துக்குள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைநாளில் பிளாஸ்டிங் வேண்டாம். வெறுங்கையால் தொடவும் கூடாது, விரல் எண்ணெய் அப்படியே தழும்பாகத் தெரியும்.

வெறும் சூடு

பவுடர் அடிப்பதற்கு முன் சேசிஸை ஒருமுறை வெறுமனே ஓவனில் போட்டு எடுக்க வேண்டும். பின்னால் பவுடர் வேகப்போகும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமாக, சுமார் 220 டிகிரியில், முழுச் சேசிஸும் அந்தச் சூட்டை எட்டிய பிறகு அரை மணி நேரம். இடுக்கில் இறங்கிய மண்ணெண்ணெய், கிரீஸ், ஈரம் எல்லாம் புகையாக வெளியேறும். வெளியே எடுக்கும்போது ரிவெட் தலையைச் சுற்றியும் தகடு விளிம்பிலும் கறுப்பாகக் கசிந்து காய்ந்திருக்கும். அந்தக் கறுப்பு, பவுடர் அடித்தபின் வெளியே வந்திருந்தால் கொப்புளமாக வந்திருக்கும். கசிந்த இடங்களில் லேசாக மறுபடி பிளாஸ்டிங் பிடித்து, தேவைப்பட்டால் இன்னொரு முறை சூடு வையுங்கள்.

பட்டறையில் இதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள். கொடுங்கள்.

மாஸ்கிங்

பவுடர் எங்கே விழக்கூடாது என்பது அடிக்கிறவருக்குத் தெரியாது, வண்டியைக் கட்டப்போகும் உங்களுக்குத்தான் தெரியும். அதனால் மாஸ்கிங்கை நீங்களே போய்ச் செய்யுங்கள். சூடு தாங்கும் பச்சை நிற பாலியஸ்டர் டேப்பும் சிலிக்கான் பிளக்கும் வேண்டும். சாதாரண செல்லோ டேப், மாஸ்கிங் டேப் கருகி ஒட்டிக்கொள்ளும்.

மரை உள்ள ஒவ்வொரு துளையிலும் பிளக். பழைய ஜீப்பில் பெரும்பாலும் அங்குல அளவு மரை, பிளக் வாங்கும்போது ஒரு போல்ட்டைக் கையில் எடுத்துப் போங்கள். புஷ் ஏறும் கண், ஷாக்கிள் பின் போகும் துளை, பேட்டரி எர்த் பிடிக்கும் இடம், சேசிஸ் எண், இவை கட்டாயம். எர்த் இடத்தை மறந்துவிட்டு, பின்னால் ஸ்டார்ட்டர் முனகுகிறதே என்று தேடுகிறவர்கள் உண்டு. பவுடர் நல்ல மின்காப்பு, அது எர்த்தை முழுசாக வெட்டிவிடும்.

அடுத்து, இறுக்கிப் பிடிக்கும் முகங்கள். ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காருமிடம், எஞ்சின் மவுண்ட், போல்ட் போட்டுப் பிடிக்கிற ஹேங்கர்கள். இரண்டு முகத்திலும் தடிமனாகப் பவுடர் இருந்து மேலே போல்ட்டை முறுக்கினால், அழுத்தத்தில் பவுடர் மெல்ல நசுங்கி இடம் விடும், போல்ட் தளரும். மலைப்பாதையில் ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் தளர்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. இந்த முகங்களை மூடிவிட்டு, கட்டும்போது எபாக்ஸி பிரைமர் மெல்லிசாகப் பூசிக்கொள்ளுங்கள்.

எந்தப் பவுடர்

வெளியில் நிற்கும் வண்டிக்கு மேல்கோட் பாலியஸ்டர் பவுடர். எபாக்ஸி பவுடர் இரும்பை அருமையாகப் பிடிக்கும், துருவைத் தடுக்கும், ஆனால் வெயில் பட்டால் சுண்ணாம்பு பூத்தமாதிரி வெளுத்துவிடும். இரண்டையும் கலந்த ஹைப்ரிட் பவுடர் பட்டறைகளில் மூட்டை மூட்டையாக இருக்கும், வீட்டுக்குள் இருக்கும் நாற்காலிக்கும் அலமாரிக்கும் உரியது. "இதுவும் அதே கறுப்புதான் சார்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மூட்டையின் மேலிருக்கும் தாளைப் படியுங்கள்.

என் தேர்வு, அடியில் ஜிங்க் கலந்த எபாக்ஸி பிரைமர், மேலே பாலியஸ்டர். கல் பட்டு மேல்தோல் கிழிந்தாலும் ஜிங்க் தான் முன்னால் கரைந்து இரும்பைக் காக்கும். அதற்கு ஜிங்க் இரும்பை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஆகவே நடுவில் பாஸ்பேட் கழுவல் தேவையில்லை. பிளாஸ்டிங் செய்த வெற்று இரும்பு போதும். நிறத்தில் பாதி பளபளப்புக் கறுப்போ சொரசொரப்பான டெக்ஸ்சரோ நல்லது. முழுப் பளபளப்பு முதல் சேற்றுப் பயணத்தோடு கீறலாகத் தெரியும். அதே சமயம், டெக்ஸ்சரில் சேறு கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்பதால் நான் மென்மையான கறுப்பையே எடுப்பேன்.

எவ்வளவு வாங்குவது? 1000-ஐ, பவுடரின் அடர்த்தியையும் தடிமனையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால், ஒரு கிலோ எத்தனை சதுர மீட்டர் ஓடும் என்று வரும். அடர்த்தி 1.5, தடிமன் 70 மைக்ரான் என்றால் சுமார் 9.5 சதுர மீட்டர். கம்பியும் சேனலுமான பொருளில் பாதி காற்றில் போகும். இந்தச் சேசிஸை டேப் வைத்து அளந்தபோது 5 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. ஆக மேல்கோட்டுக்கு ஒன்றரை கிலோ இருந்தால் கை கடிக்காது. ஜிங்க் பிரைமர் கனமானது, எடைக்கு அவ்வளவு பரப்பு ஓடாது, அதைக் கூடுதலாக வாங்க வேண்டும்.

கன் பிடிப்பது

சேசிஸைத் தொங்கவிடும் கொக்கியைப் பாருங்கள். முந்தின வேலைகளின் பவுடர் அதன் மேல் கெட்டியாக வெந்து கிடந்தால் எர்த் போகாது. கொக்கியும் சேசிஸும் தொடும் இடத்தைக் கிரைண்டர் வைத்து வெள்ளையாக்குங்கள். சேசிஸிலிருந்து எர்த் வரை மின்தடை 1 மெகா ஓமுக்குள் இருக்க வேண்டும். எர்த் சரியில்லை என்றால் பவுடர் பிடிக்காது, தூசியாக உதிரும், அடிக்கிறவர் கையில் சுளீரென்று ஷாக்கும் அடிக்கும். பறக்கும் பவுடர் தூசி தீப்பிடிக்கக் கூடியது என்பதால் தீப்பொறியும் கூடாது. முகமூடி இல்லாமல் யாரும் பூத்துக்குள் நிற்கவும் கூடாது.

கம்ப்ரசர் காற்றில் தண்ணீரோ எண்ணெயோ வந்தால் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகப் பவுடர் விலகும். வெள்ளைத் துணியைக் குழாய் முன் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். துணி நனையாமலும் கறைபடாமலும் இருந்தால் போதும்.

சேசிஸில் கஷ்டமான இடம் சி-சேனலின் உள்மூலை. மின்னூட்டம் பெற்ற துகள் அருகில் கிடைக்கும் விளிம்பிலேயே உட்கார்ந்துவிடும், மூலைக்குள் போகாது. அனுபவமில்லாதவர் மூலை தெரிகிறதே என்று கன்னை இன்னும் கிட்டே கொண்டுபோய் அழுத்துவார். விளிம்பில் பவுடர் குவியும், மூலை வெறுமையாகவே நிற்கும். செய்ய வேண்டியது நேர்மாறு. மின்னழுத்தத்தை 70, 80 கிலோவோல்ட்டிலிருந்து 40 பக்கம் இறக்குங்கள். காற்றையும் குறைத்து, பவுடர் மேகம் மெல்ல மிதந்து உள்ளே போகும்படி விடுங்கள். முதலில் எல்லா மூலையும் உள்பக்கமும், கடைசியில்தான் தட்டையான வெளிமுகம். கன்னுக்கும் இரும்புக்கும் ஒரு ஜாண் தூரம். முடிந்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு கிராஸ் மெம்பரின் பின்புறத்தையும் பாருங்கள். சேசிஸில் கண் படாத பக்கம்தான் சேறு படும் பக்கம்.

பிரைமர் 60 முதல் 80 மைக்ரான். அதை முழுதாக வேகவிடக் கூடாது. உருகிப் பரவி, இறுகத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும், எத்தனை நிமிடம் என்பது அந்தப் பவுடரின் தாளில் இருக்கும். முழுதாக வெந்த பிரைமரின் மேல் அடுத்த கோட் சரியாகப் பிடிக்காது. ஆறியதும் மேல்கோட், அதுவும் 60 முதல் 80. மொத்தம் 120 முதல் 160-க்குள் நிற்கட்டும். "இன்னும் கொஞ்சம் தடியா போடட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அளவுக்கு மீறினால் பவுடரே பவுடரைத் தள்ளும், ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி விழும், கல் பட்டால் கண்ணாடி மாதிரி தெறிக்கும்.

வேகவைப்பது

தாளில் '200 டிகிரி, 10 நிமிடம்' என்று போட்டிருந்தால், இரும்பு 200 டிகிரியை எட்டிய பிறகு 10 நிமிடம் என்று பொருள். ஓவன் காற்று 200 ஆவது சீக்கிரம் நடக்கும். மெல்லிய தகடு அதற்குச் சற்றுப் பின்னால் சூடாகும். தடித்த ஹேங்கரும் இரட்டைத் தகடு போட்ட மூலையும் இன்னும் பின்தங்கும். மெல்லிய கிரில் அடித்துப் பழகிய பட்டறை வழக்கமான இருபது நிமிடத்தில் எடுத்துவிட்டால், சேனல் வெந்திருக்கும், ஹேங்கர் வெந்திருக்காது. கண்ணுக்கு இரண்டும் ஒரே பளபளப்பு. அங்கேதான் மோசம் போகிறோம்.

ஆகவே சேசிஸின் மிகத் தடித்த இடத்தில் சூடு அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியைப் பிடித்து வைத்து, அது 200 காட்டிய பிறகுதான் கடிகாரத்தைத் தொடங்க வேண்டும். கண்ணாடி வைத்த ஓவனாக இருந்தால் நின்று பாருங்கள். மாவு பூசினாற்போல் மங்கலாக இருந்த சேசிஸ், ஒரு கட்டத்தில் மெல்லிய இடங்களில் ஈரமாக மினுங்கத் தொடங்கும். அந்த மினுக்கம் சேனல் நெடுக ஓடிவந்து ஹேங்கரை வந்து சேர நேரமாகும். அப்போது பவுடர் பாகு பதத்துக்கு வந்திருக்கிறது, இன்னும் இறுகவில்லை. மினுக்கத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

வெளியே எடுத்ததும் தண்ணீர் தெளித்து ஆற்றாதீர்கள், தானாக ஆறட்டும். கை பொறுக்கும் சூட்டில் பச்சை டேப்பை உரித்தால் விளிம்பு சுத்தமாக வரும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தடிமன் அளக்கும் மீட்டர் பட்டறையில் இருக்கும். இருபது இடத்தில் வைத்துக் கேளுங்கள், முக்கியமாக உள்மூலைகளில். அங்கே 60-க்குக் கீழே காட்டினால் அந்த இடம் முதலில் போகும். அப்புறம் வெந்ததா என்று பார்க்க, வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து ஹேங்கரின் பின்புறத்தில் முப்பது தடவை முன்னும் பின்னும் அழுத்தித் தேயுங்கள். லேசாக மங்கினால் பரவாயில்லை. துணியில் கறுப்பு திட்டாக ஏறி, தேய்த்த இடம் பிசுபிசுத்தால் வேகவில்லை, திரும்ப ஓவனில் வைக்கச் சொல்லுங்கள். இதற்குத் தயங்க வேண்டாம், மறுபடி வேகவைப்பதால் நல்ல இடங்களுக்குப் பெரிய கெடுதல் வராது.

சேசிஸோடு சேர்த்து ஒரு தகட்டுத் துண்டையும் தொங்கவிட்டு அடிக்கச் சொல்லியிருந்தால், அதில் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கட்டம் கீறி, டேப் ஒட்டிச் சுண்டி இழுத்துப் பார்க்கலாம். கட்டம் ஒன்றும் பெயரக் கூடாது. சேசிஸில் கீறிப் பார்க்க மனசு வராது அல்லவா, அதற்குத்தான் அந்தத் துண்டு.

உள்ளே மெழுகு, அப்புறம் கட்டுவது

பெட்டியாக மூடிய பகுதியின் உள்ளே பவுடர் போகாது. எந்தக் கன்னாலும் போகாது. இத்தனை வேலைக்குப் பிறகும் உள்பக்கம் வெற்று இரும்புதான், அதுவும் பிளாஸ்டிங்கும் சூடும் பார்த்து, காக்க ஒன்றுமில்லாத இரும்பு. சேசிஸ் வீட்டுக்கு வந்த அன்றே கேவிட்டி வேக்ஸ் எனும் மெழுகை உள்ளே அடியுங்கள். நீள ரப்பர் குழாயும் சுற்றிலும் பீய்ச்சும் முனையும் சேர்ந்து கிடைக்கும். குழாயைக் கடைசி வரை உள்ளே விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். ஒவ்வொரு துளை வழியாகவும், இரு திசையிலும். ரிவெட் இணைப்புகளின் இடுக்கிலும் பாய்ச்சுங்கள், மெழுகு தானே ஊர்ந்து உள்ளே போகும். சேசிஸின் வடிகால் துளைகள் பவுடரால் அடைந்திருந்தால் அதற்கு முன்பே குத்தித் திறந்துவிடுங்கள். ஓவனுக்குப் போகும் முன் மெழுகு அடிக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டும்போது ஸ்டாண்ட் மேல் பழைய கம்பளி போட்டு வையுங்கள். போல்ட் தலைக்கு அடியில் தட்டையான வாஷர் போடுங்கள், இல்லாவிட்டால் முறுக்கும்போது பவுடரைச் சுழற்றி உரித்துவிடும். முதல் 500 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா சேசிஸ் போல்ட்டையும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

ஓட்டத் தொடங்கினால் கல் படத்தான் செய்யும். வருடத்துக்கு இரண்டு முறை, தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் ஐப்பசிக்கு முன்னும், அடியைக் கழுவிக் காயவிட்டு டார்ச்சோடு படுத்துப் பாருங்கள். தெறித்த இடம் ஒரு ரூபாய் அளவு இருந்தாலும் விடாதீர்கள். சுற்றியுள்ள பவுடரைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் இடம் வரை சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, ஜிங்க் பிரைமர், அதன் மேல் இரண்டு கலவைப் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட். பவுடரைப் பவுடரால் ஒட்டுப்போட முடியாது. மழைக்கு முன் பார்க்கும்போதே மெழுகுக் குழாயையும் ஒருமுறை உள்ளே விட்டு எடுத்துவிடுங்கள். அன்று ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய அட்டையை விரித்து வையுங்கள், இரண்டு நாளைக்கு வடிகால் துளைகளிலிருந்து மெழுகு சொட்டிக்கொண்டிருக்கும்.